வீட்டுக்குள் ஓடும் வைஃபை தோட்டத்தில் ஏன் தடுமாறுகிறது? வெளிப்புற மெஷ் எக்ஸ்டெண்டரின் கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

போனில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கின்றன. ஆனால் பக்கம் திறக்கவில்லை, பேசிக்கொண்டிருந்த அழைப்பு நடுவில் அறுந்துவிடுகிறது, கேமரா அடிக்கடி 'ஆஃப்லைன்' என்கிறது. இரண்டு நிமிடம் கழித்து எல்லாம் தானாகச் சரியாகிறது. வெளியே எக்ஸ்டெண்டர் மாட்டியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான். உடனே பெட்டியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் பார்ப்பதும், ரீசெட் பொத்தானை அழுத்துவதும், புதிதாக இன்னொன்று வாங்குவதும் வழக்கம். இவற்றில் எதையும் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. அந்தப் பெட்டிக்கும் வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது போனுக்குத் தெரியாது.

மெஷ் வலையமைப்பில் முதன்மை ரவுட்டர் ஒன்று இருக்கும். இணையம் வந்து சேர்வது அதில்தான். மற்ற பெட்டிகளை நோடு என்பார்கள். ஒவ்வொரு நோடும் இரண்டு வேலை பார்க்கிறது: ஒரு பக்கம் போன், லேப்டாப், கேமரா போன்றவற்றோடு பேசுகிறது, மறுபக்கம் அவை சொன்னதை முதன்மை ரவுட்டருக்குக் கொண்டுசேர்க்கிறது. இந்த இரண்டாவது பாதைக்குப் பேக்ஹால் என்று பெயர். வெளிப்புற நோடு தகராறு செய்யும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பேக்ஹாலை. அடுத்தது பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை. பயனருக்குக் கிடைக்கும் சிக்னலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேயே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். கடையில் தனியாகக் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டெண்டரும் மெஷ் நோடும் ஒன்றில்லை. மெஷ் நோடு முதன்மை ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இயங்குகிறது; எந்தச் சேனல் (அதாவது எந்த அலைவரிசைத் துண்டு), எந்த வழி என்பதை இரண்டும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரு போனைப் போல ரவுட்டரோடு இணைந்து, கேட்டதைத் திருப்பி ஒலிபரப்புகிறது. மெஷ் அமைப்போடு வேறு நிறுவனத்தின் எக்ஸ்டெண்டரைக் கோத்துவிட்டால், ரவுட்டர் சேனலை மாற்றும்போதெல்லாம் அது தனியாக அலைந்து திரும்பி வரும். ஈஸிமெஷ் என்ற பொதுத் தரத்தை வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்தது. இருந்தாலும் ஒரே நிறுவனத்தின், ஒரே வரிசையைச் சேர்ந்த நோடை வாங்குவதுதான் தலைவலி குறைந்த வழி.

எந்தப் பாதி அறுகிறது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லேப்டாப்பும் பிங் கட்டளையும் போதும். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் பிங். போனிலும் பிங் செயலிகள் கிடைக்கின்றன.

முதலில் மெஷ் செயலியைத் திறந்து இரண்டு முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதன்மை ரவுட்டரின் ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல இருக்கும்), வெளிப்புற நோடின் ஐபி முகவரி. மூன்றாவதாக, இணையத்தில் எப்போதும் பதில் தரும் 8.8.8.8 போன்ற ஒரு முகவரி. லேப்டாப்போடு வெளியே போய், அது வெளிப்புற நோடோடுதான் இணைந்திருக்கிறது என்பதைச் செயலியில் உறுதிசெய்துகொண்டு, மூன்று முகவரிகளுக்கும் தனித்தனிச் சாளரத்தில் பிங்கை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கோளாறு வரும்வரை காத்திருங்கள்.

மூன்றும் ஒன்றாக நின்றால், உங்கள் லேப்டாப்புக்கும் நோடுக்கும் இடையில்தான் அறுந்திருக்கிறது, அல்லது நோடே அணைந்திருக்கிறது. நோடு பதில் தருகிறது, ரவுட்டர் தரவில்லை என்றால் பேக்ஹால்தான் குற்றவாளி. நோடும் ரவுட்டரும் பதில் தந்து 8.8.8.8 மட்டும் நின்றால், வெளிப்புறப் பெட்டிக்கு இதில் பங்கே இல்லை. இணைய இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். சில நோடுகள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் ரவுட்டருக்கும் இணையத்துக்குமான இரண்டு பிங்கை மட்டும் வைத்துக்கொண்டு, நோடின் நிலையைச் செயலியில் பாருங்கள்.

எவ்வளவு நேரம் அறுகிறது என்பதும் நிறையச் சொல்லும். ஓரிரு விநாடி மட்டும், ஆனால் அடிக்கடி அறுந்தால், பேக்ஹால் சிக்னல் விளிம்பில் இருக்கிறது அல்லது பக்கத்து வைஃபை இடிக்கிறது. ஒன்று முதல் மூன்று நிமிடம்வரை முழுதாக நின்று தானாக வந்தால், நோடு ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம், அல்லது ரேடார் காரணமாகச் சேனல் மாறியிருக்கலாம் (இதைப் பின்னால் பார்ப்போம்). இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது நோடின் அப்டைம், அதாவது கடைசியாக இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம். பல செயலிகள் இதைக் காட்டும். இல்லையென்றால் நோடின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். அறுந்து திரும்பிய பிறகு அப்டைம் சில நிமிடங்கள்தான் என்று காட்டினால் பெட்டிக்கு மின்சாரம் தடைபட்டிருக்கிறது, அல்லது அதுவாகவே விழுந்து எழுந்திருக்கிறது. அப்டைம் பல நாட்களைக் காட்டினால் மின்சாரத்தின் மீது பழி இல்லை. மின்சாரத்தை எடுத்துத் திரும்பக் கொடுத்தால்தான் உயிர் வருகிறது என்றால் வெப்பம், மின்னழுத்தக் குறைவு, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) கோளாறு என்ற வரிசையில் தேடலாம்.

வெளியே யாராவது வீடியோவைப் பதிவேற்றும்போது மட்டும் பிங் நேரம் 10 மில்லிவிநாடியிலிருந்து பல நூறாக ஏறி, வேறு சமயங்களில் ஒழுங்காக இருந்தால், அது அறுபடுவது அன்று. பாதை நிரம்பி வழிவது. அதற்கு மருந்து வேறு.

பேக்ஹால்: பெட்டி எங்கே நிற்க வேண்டும்

சிக்னல் வேண்டிய இடத்தில் பெட்டியை மாட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தோட்டத்தின் கோடியில் சிக்னல் இல்லை, ஆகவே கோடியில் பெட்டி. ஆனால் அங்கே சிக்னல் இல்லை என்பதுதானே பிரச்சினையே! வீட்டுக்குள்ளிருந்து எதுவும் அங்கே எட்டாதபோது, நோடு எதை எடுத்து எதைக் கொடுக்கும்? இருட்டுப் பகுதியின் விளிம்பில், இன்னும் நல்ல சிக்னல் எட்டுகிற கடைசி இடத்தில்தான் பெட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து மிச்ச தூரத்தை அது பார்த்துக்கொள்ளும்.

'நல்ல சிக்னல்' என்பதற்கு எண் இருக்கிறது. வைஃபை சிக்னலை டிபிஎம் என்ற அலகில் அளக்கிறார்கள். எண் எப்போதும் எதிர்மறையில் இருக்கும், பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் வலிமை அதிகம். பேக்ஹாலுக்கு −50 முதல் −65 வரை இருந்தால் நிம்மதி. −70 என்றால் வெயில் நாளில் ஓடும், ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் தடுமாறும். −75க்குக் கீழே போனால் அறுபடுவதை எந்த அமைப்பாலும் நிறுத்த முடியாது. இந்த அளவில் ஒவ்வொரு 3 டெசிபல் இழப்பும் சக்தியைப் பாதியாக்குகிறது. தடையே இல்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போகும்.

செயலி 'நன்று', 'சுமார்' என்று மட்டும் சொல்லி எண்ணைக் காட்டவில்லையென்றால், நோடை அணைத்துவிட்டு, அது மாட்டியிருக்கும் அதே உயரத்தில் போனைப் பிடித்து, முதன்மை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் நிறைய இருக்கின்றன. ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை நிறுவி, போனின் அமைப்புகளில் அதற்குரிய பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் எண் தெரியும். போனின் ஆன்டெனா சிறியது. நோடு அதைவிடச் சில டெசிபல் கூடுதலாகக் கேட்கும். ஆகவே போனில் −68 வந்தால் நோடுக்குப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தைவிட சுவர்தான் பெரிய எதிரி. 5 கிகாஹெர்ட்ஸில் உள்ளறைத் தடுப்புப் பலகை சுமார் 3 டெசிபல் குடிக்கும். செங்கல் சுவர் தடிமனைப் பொறுத்து 6 முதல் 15 வரை. கம்பி கட்டிய கான்கிரீட் 20ஐத் தாண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இரண்டு மூன்றோடு விட்டுவிடும். ஆனால் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி 20க்கு மேல் விழுங்கும், பார்வைக்கு அது சாதாரணக் கண்ணாடி போலவே தெரியும். தகரம், இரும்பு ஷட்டர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றுமே வராது.

சுவரை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதையும் பாருங்கள். 23 சென்டிமீட்டர் சுவரை நேராகக் கடந்தால் 23 சென்டிமீட்டர்தான். 45 டிகிரி சாய்வில் கடந்தால் சுமார் 32. சுவரோடு ஒட்டி 20 டிகிரியில் போனால் 67 சென்டிமீட்டர் சுவரைத் துளைக்க வேண்டும். ரவுட்டருக்கும் நோடுக்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இதிலிருந்து வரும் தீர்வு பலருக்கும் தோன்றுவதில்லை: வெளிப்பெட்டியை நகர்த்துவதற்குப் பதில் உள்ளே இருக்கும் பெட்டியை நகர்த்துங்கள். முதன்மை ரவுட்டரையோ, இடையில் உள்ள ஓர் உள் நோடையோ, வெளி நோடு தெரிகிற ஜன்னலோரம் வைத்தால் ஒரு முழுச் சுவரின் இழப்பு மிச்சம். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு சக்தி. எந்த விலையுயர்ந்த பெட்டியும் இதைத் தராது. இடையில் நோடு வைக்கும்போது மட்டும் ஒரு கணக்கு: பேக்ஹாலுக்கென்று தனி ரேடியோ இல்லாத இரட்டை அலைவரிசைப் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) பெட்டிகளில், ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே ரேடியோ என்பதால் நேரத்தைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. ஒரு தாவல் சரி, இரண்டு பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாவது வேண்டாம்.

ஆன்டெனாவின் திசையும் முக்கியம். நேராக நிற்கும் குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் சிக்னலைப் பரப்புகிறது. அதன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மிகக் குறைவு. கீழ்த்தள ரவுட்டருக்கு நேர் மேலே மாடியில் நோடை மாட்டினால் தூரம் கொஞ்சம்தான், ஆனாலும் சிக்னல் இருக்காது. இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நகர்த்துவது உதவும். இன்னொன்று, சில வெளிப்புறப் பெட்டிகளின் ஆன்டெனா முன்பக்கம் நோக்கிக் குவிக்கப்பட்டிருக்கும். வீட்டின் வெளிச்சுவரில் தோட்டத்தைப் பார்த்து மாட்டினால் முதுகு வீட்டைப் பார்க்கும். தோட்டத்துக்கு அருமையான சிக்னல், பேக்ஹாலுக்குப் பட்டினி. அப்படிப்பட்ட பெட்டிக்குக் கேபிள் பேக்ஹால்தான் சரி. பெட்டியின் விவரத்தாளில் 'ஆம்னி' (எல்லாத் திசையும்) என்று இருக்கிறதா, இத்தனை டிகிரி என்று இருக்கிறதா என்பதைப் பார்த்தால் தெரியும்.

மழை பெய்தால் அறுகிறது என்ற புகாருக்கு வருவோம். வீட்டுத் தோட்டத்தின் தூரத்தில் மழைத்துளிகள் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை உறிஞ்சுவது அளக்கவே முடியாத அளவு. கொட்டுகிற மழையிலும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல் அளவில்தான் போகும். மழையில் அறுந்தால் காரணம் வேறு மூன்றில் ஒன்று: பாதையில் உள்ள மரத்தின் நனைந்த இலைகள், ஊறிப்போன சுவர், அல்லது இணைப்பானுக்குள் புகுந்த தண்ணீர். மழை நின்று இலை காய்ந்ததும் சரியானால் மரம். மழை விட்டு ஒரு நாள் ஆகியும் சரியாகவில்லையென்றால் இணைப்பானைத் திறந்து பாருங்கள். தளிர் விடும் பருவத்தில் தொடங்கி இலையுதிரும்போது தானாகச் சரியாகும் கோளாறும் மரத்தின் கணக்கில்தான். மரம் நேர் கோட்டில் இல்லாவிட்டாலும் தொந்தரவு தரும். 50 மீட்டர் தூரப் பாதையின் நடுவில், கோட்டைச் சுற்றி 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 80 சென்டிமீட்டரும் 2.4இல் சுமார் 1.2 மீட்டரும் வெற்றிடமாக இருந்தால் நல்லது.

சேனல்: ரேடார் என்ற விருந்தாளி

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை வானிலை, இராணுவ ரேடார்கள் முன்னுரிமையோடு பயன்படுத்துகின்றன. இவற்றை டிஎஃப்எஸ் சேனல்கள் என்பார்கள். இவற்றில் ஓடும் வைஃபை, ரேடார் துடிப்பைக் கேட்டால் 10 விநாடிக்குள் விலகியாக வேண்டும். அடுத்த 30 நிமிடம் அந்தச் சேனலுக்குத் திரும்பக் கூடாது. புதிய சேனலும் டிஎஃப்எஸ் என்றால் முதலில் 60 விநாடி சும்மா இருந்து கேட்க வேண்டும். வானிலை ரேடார் உள்ள பகுதிக்குச் சில நாடுகளில் இது 10 நிமிடம். மேலே சொன்ன 'ஒன்றிரண்டு நிமிடம் முழுதாக நின்று தானாக வருவது' இதனாலும் நேரலாம். சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும் ரவுட்டருக்குக் கேட்காத ரேடார், திறந்த வெளியில் உயரத்தில் நிற்கும் நோடுக்குத் தெளிவாகக் கேட்கும். ரேடார் இல்லாத போதும் வேறு சத்தத்தை ரேடார் என்று நினைத்துப் பெட்டி மிரள்வதுண்டு.

அப்டைம் குறையாமல் நிமிடக் கணக்கில் அறுந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் சேனலைத் தானியங்கியிலிருந்து மாற்றி 36–48இலோ 149–161இலோ நிறுத்திப் பாருங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. சேனல் 36ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு அகலத்தை 160 மெகாஹெர்ட்ஸில் விட்டால், அது 36 முதல் 64 வரை பரவும். பாதி டிஎஃப்எஸ்ஸில் கிடக்கும். அகலத்தை 80ஆகக் குறையுங்கள். தூரமான நோடுக்கு 40கூட மோசமில்லை: அகலம் பாதியானால் இரைச்சலும் பாதியாகி 3 டெசிபல் ஆதாயம் கிடைக்கும். உச்ச வேகம் குறையும், ஆனால் நிலைத்து நிற்கும். வெளியில் எந்தச் சேனலைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. 36–64 உள்ளரங்கத்துக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு உள்ள இடங்களில் வெளிப்புற நோடு அந்தச் சேனலில் சேர மறுக்கலாம். செயலியில் நாட்டு அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெஷ்ஷை ஒரு நாட்டிலும் நோடை வேறொரு நாட்டிலும் வாங்கியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் பேக்ஹாலை வெளிப்புறத்துக்கு நம்ப வேண்டாம். வீட்டு ரவுட்டர்களுக்குத் தரப்படும் குறைந்த சக்தி 6 கிகாஹெர்ட்ஸ் அனுமதி பல நாடுகளில் உள்ளரங்கத்துக்கு மட்டும்தான். சுவரைத் தாண்டும் திறனும் குறைவு.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான்.

பல மெஷ்கள் இரவில் தாமாகவே 'நெட்வொர்க் ஆப்டிமைசேஷன்' செய்து சேனல் மாற்றும். கோளாறு தினமும் ஒரே நேரத்தில் வந்தால் அந்த அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

மின்சாரம்: பத்து வோல்ட்டில் ஓடும் பன்னிரண்டு வோல்ட் பெட்டி

அப்டைம் சிறிதாகவே இருக்கிறது என்றால் நோடு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. முதலில் சிரிப்பு வரவைக்கும் காரணத்தைப் பார்த்துவிடுங்கள்: தோட்ட விளக்கின் சுவிட்சிலோ டைமரிலோ இருந்து பெட்டிக்கு மின்சாரம் எடுத்திருந்தால், விளக்கு அணையும்போது வைஃபையும் அணையும்.

அடுத்தது ஒயரின் நீளம். அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, அதன் மெல்லிய டிசி ஒயரை வெட்டி நீட்டி வெளியே கொண்டுபோவது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 மீட்டர் தூரம். போகவும் வரவும் சேர்ந்து 40 மீட்டர். மின்தடை சுமார் 1.4 ஓம். பெட்டி சும்மா இருக்கும்போது 0.5 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.7 வோல்ட். 11.3 வோல்ட் கிடைக்கிறது, பெட்டி ஓடுகிறது. நான்கு பேர் சேர்ந்து வீடியோ பார்க்கத் தொடங்கியதும் ரேடியோ வேலை கூடி 1.5 ஆம்பியர் இழுக்கிறது. இழப்பு 2 வோல்ட்டைத் தாண்டுகிறது, பெட்டிக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்டுக்கும் கீழே. பெட்டி விழுகிறது. விழுந்ததும் சுமை இல்லை, ஆகவே மறுபடி எழுகிறது. பயன்படுத்தும்போது மட்டும் அறுகிற, சோதிக்கப் போகும்போது நன்றாக இருக்கிற மாயம் இதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றினால் அதே சுமையில் இழப்பு 0.7 வோல்ட்தான்.

மல்டிமீட்டர் இல்லாதவர்கள் இப்படிச் சோதிக்கலாம்: நீட்டிய ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை அதன் சொந்த அடாப்டரோடு ஏதாவது பிளக் பாயிண்டில் செருகி ஒரு நாள் ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் ஒயர்தான். நிற்கவில்லையென்றால் அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள வேறோர் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அடாப்டர்கள் வயதாகிச் சாகும்போது சுமையில்தான் முதலில் தடுமாறும்.

பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை, இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கிறது. 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் ஆம்பியர் குறைவு, இழப்பும் குறைவு. ஆனால் அதற்கும் வகைகள் உண்டு. 802.3ஏஎஃப் தரத்தில் அனுப்பும் முனையில் 15.4 வாட், பெட்டிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 802.3ஏடி தரத்தில் 30 வாட், கிடைப்பது 25.5. பெட்டிக்கு ஏடி தேவைப்பட, ஏஎஃப் இன்ஜெக்டரை, அதாவது கேபிளில் மின்சாரம் ஏற்றும் கருவியை, செருகினால் இயங்கத் தொடங்கும், சுமையில் விழும். 24 வோல்ட் 'பாசிவ்' இன்ஜெக்டர் வேறு இனம். எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரத்தைத் தள்ளும். அதற்கென்று செய்யாத பெட்டியில் செருகினால் கருகலாம்.

கேபிளை வாங்கும்போது முழுச் செம்பு என்று பார்த்து வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிள் மலிவு, ஆனால் மின்தடை அதிகம், வளைத்தால் உடையும், பிஓஇக்கு ஆகாது. ஒரு கேபிளின் உச்ச நீளம் 100 மீட்டர். இணைப்பு வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து திடீரென்று 100க்கு இறங்கியிருந்தால், நான்கு ஜோடியில் ஒன்றாவது அறுந்திருக்கிறது அல்லது ஒரு முனையின் கிரிம்ப் (பிளக்கை அழுத்திப் பிடித்த இணைப்பு) தளர்ந்திருக்கிறது. 100க்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் இணைப்பு மட்டும் உயிரோடு இருக்கும். செயலி இந்த எண்ணைக் காட்டும், அடிக்கடி பாருங்கள்.

தண்ணீரும் வெயிலும்

ஐபி65 என்ற முத்திரையில் 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். கேபிள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் கிளாண்ட் ஒழுங்காக முறுக்கப்பட்டிருந்தால்தான் இந்த உத்தரவாதம் செல்லும். கேபிள் எப்போதும் கீழிருந்து நுழைய வேண்டும். நுழையுமுன் ஒரு வளைவு தொங்கவிட்டால், கேபிள் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 பிளக் முனையில் பச்சைப் படிவு தெரிந்தால் அது அரிப்பு. மின்சாரம் ஓடும் ஈரமான முனை வேகமாக அரிக்கும். துடைத்தால் போதாது, வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். உள்வீட்டுக்கான சாம்பல் நிறக் கேபிளின் உறை வெயிலில் சில வருடங்களில் வெடிக்கும். வெளிப்புறத்துக்கென்று கறுப்பு உறையோடு விற்பதை வாங்குங்கள்.

சிலிக்கான் பசையை எல்லா ஓட்டையிலும் அப்பிவிடுவதும் தப்பு. பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டிக்குள் ஈரம் நீர்த்துளிகளாகப் படியும். அடியில் நிறுவனம் விட்ட சிறு துளை அது வெளியேறத்தான்.

உள்வீட்டு நோடை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து வெளியே மாட்டுவது பரவலான சிக்கனம். அந்தப் பெட்டிகளின் இயங்கு வெப்பநிலை வழக்கமாக 0 முதல் 40 டிகிரி. மூடிய டப்பா நேர் வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். பிற்பகலில் மட்டும் மெதுவாகி, பொழுது சாய்ந்தபின் சரியாகும் கோளாறு என்றால் இதுதான். நிழலில், கூரை நீட்டத்தின் அடியில் மாட்டுங்கள்.

பெட்டி சரி, போன்தான் பிடிவாதம்

எந்த நோடோடு இணைவது என்பதைக் கடைசியில் முடிவுசெய்வது போன்தான். வீட்டுக்குள் இருந்து வெளியே வரும்போது, உள் நோடின் சிக்னல் தேய்ந்து −75 ஆகும்வரைகூடச் சில போன்கள் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். போனின் ஒலிபரப்புச் சக்தி ரவுட்டரைவிடக் குறைவு என்பதால், போனுக்கு ரவுட்டர் கேட்கும், ரவுட்டருக்குப் போன் கேட்காது. சோதிக்க எளிய வழி: வெளியே வந்ததும் வைஃபையை அணைத்துத் திரும்பப் போடுங்கள். உடனே நன்றாக ஓடினால் எக்ஸ்டெண்டரில் குறை இல்லை. 802.11கே, வி, ஆர் என்ற வேகமாக மாறும் வசதிகளை இயக்கலாம்; ஆனால் பழைய கருவிகள் சில 'ஆர்' இயங்கினால் சேரவே மாட்டா. இடம் நகராத கேமரா, நீர்ப்பாசனக் கருவி போன்றவற்றைச் செயலியில் வெளி நோடோடு பிணைத்துவிடலாம்.

எக்ஸ்டெண்டர் வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால், அது 'ரவுட்டர்' நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் ஐபி முகவரி கொடுப்பவர் இரண்டு பேராகிவிடுவார்கள். சில கருவிகள் ஓடும், சில ஓடா, நாளைக்கு அது மாறும். 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலைக்கு மாற்றுங்கள்.

ரீசெட் கடைசி ஆயுதம். செய்வதானால் பெட்டியைக் கழற்றி முதன்மை ரவுட்டருக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று மீட்டருக்குள் வைத்து, ரீசெட் செய்து, மறுபடி இணைத்து, ஃபர்ம்வேரையும் அங்கேயே புதுப்பியுங்கள். பலவீனமான பேக்ஹாலில் ஃபர்ம்வேர் இறங்கிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் சிக்கல் இரண்டாகும்.

கேபிள்

இவ்வளவுக்குப் பிறகும் −70ஐவிட நல்ல சிக்னல் கிடைக்கவில்லை என்றால் கம்பியில்லாப் பேக்ஹாலைக் கைவிடுங்கள். ஒரு நெட்வொர்க் கேபிளும் பிஓஇயும் மேலே சொன்ன பேக்ஹால், சேனல், மின்சாரத் தொல்லைகளில் பெரும்பகுதியை ஒரே அடியில் தீர்க்கும். மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் பவர்லைன் கருவிகள், வெளிப்புற மின்சுற்று தனி பிரேக்கரிலோ வேறு ஃபேஸிலோ இருந்தால் ஏமாற்றும். திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்கிச் சோதிப்பது நல்லது. தனிக் கட்டடத்துக்குப் போகும் கேபிள் என்றால் செம்புக்குப் பதில் ஃபைபர் போடலாம். இரண்டு கட்டடங்களின் எர்த் மின்னழுத்தம் வேறுபடும்போதும், பக்கத்தில் இடி விழும்போதும் செம்பு அதைப் பெட்டிவரை கொண்டுவரும், ஃபைபர் கொண்டுவராது. செம்பேதான் என்றால் எர்த் செய்த சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவி) வேண்டும்.

கேபிளை முதன்மை மெஷ் ரவுட்டரின் லேன் போர்ட்டிலோ, அதோடு இணைந்த ஸ்விட்சிலோ செருகுங்கள். இணைய நிறுவனம் தந்த பெட்டியில் நேராகச் செருகினால் நோடு மெஷ்ஷுக்கு வெளியே போய்விடும், சில சமயம் தரவு ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்து வீடு முழுதும் வைஃபை நின்றுவிடும். செருகியபின் செயலியில் நோடின் இணைப்பு 'வயர்டு' என்று மாறியிருக்கிறதா, வேகம் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். இன்னும் 'வயர்லெஸ்' என்றே காட்டினால் நோடை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; அதற்கும் மாறவில்லையென்றால், ஈதர்நெட் பேக்ஹால் என்ற அமைப்பைத் தனியாக இயக்க வேண்டிய மாடலாக இருக்கும்.